உதவித்தொகை வந்தால் பிள்ளைக்கான ஜீவனாம்சம் நின்றுவிடுமா?

கேள்வி: மார்த்தாண்டம் பக்கம் தென்னை ஏறிப் பிழைத்தவன் நான். விவாகரத்தின்போது மகளுக்கு மாதம் 4,000 ரூபாய் தரச் சொல்லி கோர்ட் உத்தரவு. போன மழைக்காலத்தில் மரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இப்போது வருமானம் அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2,000 மட்டும்தான்; சிறுநீர் டியூப், டயப்பருக்கே அது பத்தவில்லை. என் பெயரில் பத்து சென்ட் நிலம் இருக்கிறது. துணைக்கு அம்மா இருக்கிறார். ஏழு மாதமாக மகளுக்கு எதுவும் அனுப்பவில்லை. சனிக்கிழமை அவள் வந்தபோது ஸ்கூல் பையின் ஜிப் பிய்ந்திருந்தது. 'ஊனம்னு கவர்மென்டே சொல்லியாச்சு, இனி தர வேண்டாம்' என்கிறார்கள். சரியா?

பதில்: தம்பி, அந்தப் பேச்சை நம்பி இன்னும் ஒரு மாதத்தைக்கூடக் கடத்தாதீர்கள். உதவித்தொகை கிடைத்ததால் கோர்ட் உத்தரவு தானாக மாறாது. நீங்கள் படுக்கையில் இருக்கும்போதும் மாதம் 4,000 நிலுவையில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்த நிலுவைக்காக உங்கள் முன்னாள் மனைவி மனு போட்டால் வாரண்டு வரலாம். போதிய காரணம் காட்டாவிட்டால் சிறைக்கும் இடமுண்டு.

ஜீவனாம்ச வழக்கில் வந்த உத்தரவு என்றால், வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் (BNSS) 146-ஆம் பிரிவு. சூழ்நிலை மாறியதை நிரூபித்தால் தொகையைக் குறைக்கலாம் என்கிறது அது. டிஸ்சார்ஜ் சம்மரி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பாஸ்புக், மருந்துக்கடை பில்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். டியூப், டயப்பருக்கே அந்த 2,000 பத்தவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த பில்தான் உங்கள் பெரிய சாட்சி. அந்தப் பணம் உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தரப்படுவது என்பதை மனுவில் அழுத்தமாகச் சொல்லுங்கள்.

ஒன்றையும் மறைக்காதீர்கள். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இரு தரப்பும் வருமானம், சொத்துக்குப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். உதவித்தொகை, இன்சூரன்ஸ் பணம், உங்கள் பெயரிலுள்ள பத்து சென்ட் நிலம் எல்லாமே அதில் வர வேண்டும். முன்னாள் மனைவியின் சம்பளமும் கணக்கில் வரும். அப்புறம், தொகை குறையலாம், ஆனால் பூஜ்யமாகும் என்று நினைத்துப் போகாதீர்கள். மகள் வளர்ந்துகொண்டுதானே இருக்கிறாள்?

வக்கீல் ஃபீஸுக்குக் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி உரிமை. அம்மாவை 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் போடச் சொல்லுங்கள், அல்லது குழித்துறை கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்புங்கள்.

மனு முடியும்வரை 300, 500 என்று முடிந்ததை வங்கி வழியாகவே அனுப்புங்கள். கையில் கொடுத்தால் கணக்கு நிற்காது. சனிக்கிழமை மகள் வந்தபோது ஸ்கூல் பையின் ஜிப் பிய்ந்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். முதல் 300-ஐ அதற்கென்று சொல்லி அனுப்புங்கள்.