தினமும் கட்டுப் பிரிக்கலைன்னா புண்ணு அழுகிடாதா?

கேள்வி: என் பொண்ணுக்கு ஒன்றரை வயசு டாக்டர். மேஜை ஓரத்துல இருந்த சுடுதண்ணியை இழுத்து தோள்லயும் நெஞ்சுலயும் கொட்டிக்கிட்டா. அட்மிட் பண்ணல, வெள்ளி கலந்த ஃபோம் டிரெஸ்ஸிங்னு ஒண்ணு ஒட்டி, அஞ்சு நாள் கழிச்சு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. வீட்டுல பெரியவங்க தினமும் பிரிச்சு மருந்து போடலைன்னா உள்ளயே அழுகிடும்ங்கிறாங்க. நானே பிரிச்சுப் பாக்கலாமா?

பதில்: பிரிக்காதீங்கம்மா. பெரியவங்க சொல்றது அவங்க பாத்த வைத்தியத்தை வச்சு. சில்வர் சல்ஃபாடயசின்னு ஒரு வெள்ளை க்ரீம், அதைத் தடவி துணி வச்சுக் கட்டுவாங்க, தினமும் பிரிச்சு பழைய க்ரீமை வழிச்செடுத்துட்டுப் புதுசா போட்டே ஆகணும், துணி காஞ்சு புண்ணோட ஒட்டியிருக்கும், உரிக்கும்போது அப்பதான் முளைச்ச தோலும் சேந்து வந்துடும், குழந்தை அலறுறதை வெளில நிக்கிறவங்களால கூட தாங்க முடியாது. சுட்ட அன்னைக்கு ஒரு தடவைதான் வலி, கட்டு மாத்துறது தினம் தினம் வலி, எனக்கு அதுதான் பெரிய கொடுமையா தெரியும்.

இப்ப ஒட்டியிருக்கிறது வேற. இந்த மாதிரி டிரெஸ்ஸிங்ல பெரும்பாலும் புண்ணு மேல படுற பக்கம் சிலிகான் இருக்கும், அது புண்ணுல ஒட்டாது, நடுவுல இருக்கிற ஃபோம் கசியுற நீரை உறிஞ்சிக்கும், வெள்ளி கொஞ்சம் கொஞ்சமா வெளில வந்து கிருமியை அடக்கி வைக்கும். அதனால 3லேந்து 7 நாள் வரைக்கும் தொடாம விடலாம். ஈரப்பதம் காயாம மூடியிருந்தாதான் புதுத்தோல் சீக்கிரம் படரும். மேல மஞ்சளா, பழுப்பா கறை தெரிஞ்சா பயப்படாதீங்க, ஆனா ஓரத்துல ஒழுகினாலோ, கழண்டு வந்தாலோ, நாத்தம் அடிச்சாலோ உடனே போய்க் காட்டுங்க. தண்ணி படாம பாத்துக்கோங்க.

அதுக்காக அஞ்சாம் நாள் போறதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. சுடுதண்ணிக் காயம் எவ்ளோ ஆழம்னு முதல் நாளே சொல்லிட முடியாது, ரெண்டு மூணு நாள்லதான் தெளிவா தெரியும். 2 வாரத்துக்குள்ள ஆறிட்டா தழும்பு விழுறது அபூர்வம், 3 வாரம் தாண்டும்னு தோணினா தோல் ஒட்டுற ஆபரேஷன் பத்தி பேச வேண்டி வரும். போறதுக்கு அரைமணி நேரம் முன்னாடியே வலி மருந்து குடுத்துடுங்க, எடைக்கு எவ்ளோன்னு இப்பவே போன்ல கேட்டு வச்சுக்கோங்க.

ஒண்ணே ஒண்ணு ரொம்ப முக்கியம். காய்ச்சல், உடம்புல சிவந்த தடிப்பு, வாந்தி, வயித்தால போறது, பால் கூட குடிக்காம துவண்டு கிடக்கிறது, இதுல எது வந்தாலும் அஞ்சாம் நாள் வரைக்கும் காத்திருக்காதீங்க. சின்ன தீக்காயம்தான், புண்ணும் சுத்தமாத்தான் இருக்குன்னு நினைக்கிறப்பவே சில குழந்தைகளுக்கு கிருமியோட விஷம் ரத்தத்துல கலந்துடும், சில மணி நேரத்துல நிலைமை மோசமாயிடும். நடுராத்திரியா இருந்தாலும் தூக்கிட்டு ஓடுங்க, போனதும் முதல் வார்த்தையா தீக்காயம் பட்ட குழந்தைன்னு சொல்லுங்க, சாதாரண காய்ச்சல்னு மருந்து குடுத்து அனுப்பிடப் போறாங்க.