மூன்றாம் முறை நீட் தேர்வுக்கு முன் மகள் கேட்கும் ஆர்ட் தெரபியை அறிந்துகொள்ளுங்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு முறை நீட் எழுதியும் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை என்றும், இன்னும் ஓராண்டு கோச்சிங் சேர்க்கும்படி தாய்மாமன் வற்புறுத்துகிறார் என்றும், அதற்காக வட்டிக்குக் கடன் வாங்கப்போவதாகவும், மகளோ கலைவழி மனநலச் சிகிச்சையான ஆர்ட் தெரபியைப் படிக்கக் கேட்கிறாள் என்றும் எழுதி, அவள் வரைந்த படத்தையும் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் கடனும் வேண்டாம், மூன்றாம் முயற்சியும் வேண்டாம். மொச்சை உரிக்கும் பாட்டியின் கைகளைக் கரிக்கோலால் வரைந்து, விரல் மூட்டுகளை மட்டும் பலமுறை அழித்துத் திருத்தியிருக்கும் பெண்ணின் நாட்டம் எங்கே இருக்கிறது என்பது அந்தத் தாளிலேயே தெரிகிறது.

அவள் கேட்கும் ஆர்ட் தெரபி பொழுதுபோக்கு வகுப்பு அன்று. காசநோய்ச் சிகிச்சையின்போது வரைந்து தேறிய அட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர் 1942இல் இதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். இன்று பிரிட்டனில் சட்டப்படி பதிவு பெறாதவர் தம்மை ஆர்ட் தெரபிஸ்ட் என்று அழைத்துக்கொள்ள முடியாது.

இத்துறையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஊடகம், அதாவது வரையப் பயன்படும் பொருள். பென்சில் கைக்குக் கட்டுப்படும். வாட்டர் கலர் தன் போக்கில் பரவும். பதற்றம் மிகுந்தவருக்கு முதல் நாளே வாட்டர் கலரைக் கொடுத்தால், வண்ணம் ஓடிக் கலப்பதே அவரை மேலும் கலங்கடிக்கக்கூடும் என்பதால், கட்டுக்குள் நிற்கும் பொருளில் தொடங்கி மெல்ல நகர்வார்கள். களிமண் அழுத்தத்துக்கு எதிர்த்து நிற்பதால், சொல்லில் வராத கோபத்தைக் கைவழியே வெளியேற்ற இடம் தருகிறது. கிறுக்கல் முறையில் ஒருவர் யோசிக்காமல் கோடுகளை இழுத்துவிட்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் தமக்குத் தென்படும் உருவத்தை வளர்த்தெடுக்கிறார். அந்த உருவத்தின் பொருளை வரைந்தவரே சொல்ல வேண்டும். கறுப்பு பூசினால் மனச்சோர்வு என்று தீர்ப்பளிப்பவர் சிகிச்சையாளரே அல்லர். படம் அழகாக முடிந்ததா என்பதைவிட, வரையும்போது என்ன நிகழ்ந்தது என்பதையே இங்கே கவனிப்பார்கள்.

எனவே அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.எஸ்சி. உளவியலை நேரடி வகுப்பில் படிக்கட்டும். கூடவே ஓவியப் பயிற்சியையும் விடாமல் தொடரட்டும். அமெரிக்காவில் இதற்கான முதுகலைப் படிப்பில் சேர்பவரிடம் இவ்விரண்டையுமே எதிர்பார்க்கிறார்கள். உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என 2025இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தடை விதித்திருப்பதால், அஞ்சல்வழி என்று அழைக்கும் விளம்பரங்களை நம்பாதீர்கள். வார இறுதி வகுப்பு நடத்தி 'தெரபிஸ்ட்' சான்றிதழ் விற்பவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெளிநாட்டு முதுகலையைப் பற்றிப் பட்டம் முடிந்தபின், உதவித்தொகை கிடைத்தால் மட்டும் பேசலாம். அதற்காக வீட்டை அடகு வைக்கக் கூடாது.

பட்டம் பெற்றவுடன் பெரிய சம்பளம் வராது. முதுகலையும், மூத்தவரின் மேற்பார்வையில் பயிற்சியும் முடியும் வரை சிறப்புப் பள்ளிகளிலும் மறுவாழ்வு மையங்களிலும் குறைந்த ஊதியத்தில்தான் அவள் தொழிலைக் கற்க நேரும். இதை அவளிடமும் மாமாவிடமும் இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, கல்லூரி விண்ணப்பத்தை அவளையே நிரப்பச் சொல்லுங்கள்.