கேளுங்கள், சொல்கிறேன்

(ஓய்வுபெற்ற நாளிதழ் உதவியாசிரியர் ஒருவரின் பதில்கள். இந்த இதழில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆரூடம் பற்றியவை.)

கே: நாற்பது ஆண்டுகள் செய்தி மேசையில் இருந்தவர் நீங்கள். தேர்தல் முடிவை ஒரு முறையாவது சரியாகச் சொன்னதுண்டா?
– வாசகர், கோவில்பட்டி

ப: வாக்கு எண்ணிக்கைக்கு முந்திய இரவில் இரண்டு தலைப்புகளை எழுதி வைப்போம். எது வென்றாலும் ஒன்று பொருந்திவிடும். அதையும் கணிப்பில் சேர்த்தால் என்னைவிடப் பெரிய ஜோசியர் கிடையாது.

சொந்தமாகச் சொன்னது என்றால், 2004. வாஜ்பாய் அரசின் ‘இந்தியா ஒளிர்கிறது’ விளம்பரங்களையும் டெல்லியிலிருந்து வந்த கருத்துக்கணிப்புகளையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, மறுபடியும் வாஜ்பாய்தான் என்று அடித்துச் சொன்னேன். பந்தயம் ஒரு பிரியாணி. எதிர்ப்பக்கம் நின்றவர் எங்கள் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தோழர். கருத்துக்கணிப்பு எதையும் அவர் படித்ததில்லை. “அண்ணா, போன ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்கள் 1.7 லட்சம் பேரை அ.தி.மு.க. அரசு ஒரேயடியாக நீக்கியதே, அதில் இரண்டு பேர் என் வீட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய மாமனார், மைத்துனர், எதிர்வீட்டுக்காரர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்” என்றார். பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொண்ட பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் சேர்ந்து நின்ற அந்தத் தேர்தலில் தமிழகம், புதுவையின் 40 இடங்களையும் தி.மு.க. கூட்டணி அள்ளியது. நாடு முழுவதும் காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138.

பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். ஆனால் ஒன்று: தோழர் டெல்லியைக் கணிக்கவில்லை, தன் தெருவைத்தான் கணித்தார். அந்தத் தெரு நாட்டோடு ஒத்துப்போனது அவருடைய அதிர்ஷ்டம். நானோ, கால் வைக்காத ஊர்களுக்கெல்லாம் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னேன்.

அன்றே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எதைச் சொன்னாலும் முதலில் அதில் தேதி போட்டு எழுதிவிடுவேன்: தேர்தல், கிரிக்கெட், பேத்தியின் தேர்வு மதிப்பெண், எல்லாமே. எழுதாதவரை எனக்குப் பலித்தவை மட்டுமே நினைவில் இருந்தன. போன மாதம் கூட்டிப் பார்த்தேன். சரியானவை பாதிக்கும் கொஞ்சம் கீழே. காசைச் சுண்டியிருந்தால் பாதியாவது தேறியிருக்கும்.

கே: 2010 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனியின் ‘பால்’ என்ற ஆக்டோபஸ் எந்த அணி வெல்லும் என்று எட்டு ஆட்டங்களுக்கு எட்டும் சரியாகச் சொன்னதே, அதற்கு என்ன விளக்கம்?
– ஆசிரியை, காரைக்குடி

ப: 256 பேர் ஆளுக்கு எட்டு முறை காசு சுண்டினால், சராசரியாக ஒருவருக்கு எட்டும் சரியாக விழும். அந்த ஆண்டு ஆரூடம் சொல்ல எத்தனை ஊரில் எத்தனை பிராணிகளை உட்கார வைத்தார்கள் என்று யார் எண்ணினார்கள்? சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நம் கிளி ஜோசியக்காரர் ஒருவரின் கிளி மணியும் சீட்டு எடுத்தது. காலிறுதி நான்கையும் சரியாகச் சொல்லி உலகச் செய்தியானது. இறுதி ஆட்டத்துக்கு நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது. ஸ்பெயின் 1-0 என்று வென்றது. மணியை இன்று யாருக்கு நினைவிருக்கிறது? பாலும் 2008 ஐரோப்பியக் கோப்பையில் இறுதி ஆட்டம் உட்பட இரண்டைக் கோட்டைவிட்டதுதான். அதை யாரும் பேசுவதில்லை.

கே: கணிப்பு பொய்த்தால் நிபுணர்கள் வெட்கப்படுவதே இல்லையே?
– வாசகர், பண்ருட்டி

ப: அப்படிச் சொல்லாதீர்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 வரை சொன்ன நிறுவனத்தின் தலைவர், 293 என்று முடிவு வந்த அன்று தொலைக்காட்சி நேரலையிலேயே கண்ணீர் விட்டார். 1983இல் இந்திய கிரிக்கெட் அணியை ஏளனமாக எழுதிய ஆங்கிலேயப் பத்திரிகை ஆசிரியர் டேவிட் ஃபிரித், நாம் கோப்பையை வென்றதும், வாசகர் ஒருவர் கேட்டுக்கொண்டபடி தான் எழுதிய தாளை மென்று தின்றார். தொண்டையில் இறங்க ஒயின் துணை. இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். மற்றவர்கள் மறுநாளே அடுத்த கணிப்புக்குப் போய்விடுகிறார்கள்.

கே: கைப்பேசி ‘மழை வாய்ப்பு 40 சதவீதம்’ என்கிறது. குடை எடுப்பதா, வேண்டாமா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

ப: அப்படிச் சொன்ன பத்து நாட்களில் நான்கு நாள் பெய்தால் அது சரியான கணிப்பு. குடை உங்கள் விவகாரம். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் என் அம்மா மாடியில் காயும் வடகத்தை உடனே உள்ளே கொண்டுவந்துவிடுவார். பல நாள் மழை வராது, மறுபடியும் மாடி ஏற வேண்டும். “ஏறி இறங்கினால் கால் வலிக்கும். நனைந்தால் ஒரு வருஷத்து வடகம் போகும்” என்பார். நீங்கள் புத்தகப் பை கொண்டுபோகிறீர்களா, வெறுங்கையோடு போகிறீர்களா?

கே: அடுத்த தேர்தலில் முதல்வர் யார்?
– ஒன்பது வாசகர்கள், பல ஊர்கள்

ப: நோட்டில் எழுதி, தேதி போட்டு, பக்கத்தின் ஓரத்தைப் பசையால் ஒட்டிவிட்டேன். என் பழைய தோழரிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அவர் பிரியாணிக்குக் கடை பார்த்துவிட்டாராம்.