சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் கிட்னி தப்புமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 54 வயது. பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறோம். அவருக்கு 11 வருடமாகச் சர்க்கரை, 3 வருடமாக பிரஷர். அவருடைய அண்ணன் தை மாதத்திலிருந்து டயாலிசிஸில் இருக்கிறார். மெட்பார்மின்தான் கிட்னியைக் கெடுக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, இரண்டு மாதமாக இவர் அந்த மாத்திரையைப் போடுவதில்லை. பதிலுக்கு மஞ்சள் கேப்சூல் சாப்பிடுகிறார். கால் எரிச்சல், வாயுத் தொல்லை, முடி கொட்டுதல், சிறுநீரில் நுரை, இடுப்பு வலி எல்லாம் இருக்கிறது. வலிக்கு மட்டும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக்கொள்கிறார். உப்பு 1.1 தான், நார்மல் என்கிறார்கள். வீடியோவில் சொல்வது உண்மையா டாக்டர்?
– வாசகி, பல்லடம்

பதில்: உண்மை இல்லை அம்மா. மெட்பார்மின் கிட்னியைக் கெடுக்காது. உப்பு, அதாவது கிரியாட்டினின், 1.1 உள்ள ஒருவர் அந்த மாத்திரையை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. எழுதிக் கொடுத்த டாக்டரை நாளைக்கே பார்த்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கிட்னி ஏற்கெனவே பழுதான பிறகு மெட்பார்மின் உடம்பிலேயே தங்கிவிடும். அதனால் இரத்தத்தில் அமிலம் ஏறலாம். ஆகவே கிட்னியின் வடிகட்டும் திறன் 45-க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைப்போம், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவோம். அண்ணனுக்கும் யாரோ ஒரு டாக்டர் அப்படி நிறுத்தியிருப்பார். ‘கிட்னி போச்சு, மெட்பார்மினை நிறுத்தச் சொல்லிட்டாங்க’ என்ற பேச்சு நாலு வீடு தாண்டும்போது ‘மெட்பார்மினாலதான் கிட்னி போச்சு’ என்று திரும்பிவிடுகிறது. வீடியோ போடுகிறவருக்கு அது போதும். உங்கள் வீட்டுக்காரரின் வயதையும் 1.1-ஐயும் வைத்துக் கணக்குப் போட்டால் வடிகட்டும் திறன் 80 பக்கம் வருகிறது. 45 எங்கே, 80 எங்கே?

ஈரோட்டில் 26 வருடமாகச் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிறேன். மாத்திரை சாப்பிட்டதால் டயாலிசிஸுக்குப் போனவரை நான் பார்த்ததில்லை. நடுவில் நிறுத்திவிட்டுக் காணாமல் போய், மூன்று வருடம் கழித்து முகம் வீங்கித் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த வார்த்தை ‘நுரை’. அதை முடி கொட்டுவதற்கும் இடுப்பு வலிக்கும் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

காலையில் முதல் சிறுநீர் வேகமாக விழுந்தால் யாருக்கும் கொஞ்சம் நுரைக்கும், உடனே அடங்கிவிடும். சில நிமிடம் ஆகியும் சோப்பு நுரை மாதிரி மேலே படர்ந்து நின்றால், ஒரு தடவை தண்ணீர் ஊற்றியும் போகாமல் இருந்தால், ஆல்புமின் என்ற புரதம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். 11 வருடம் சர்க்கரையும் பிரஷரும் உள்ளவருக்கு நுரையைப் பார்த்து ஊகித்துக்கொண்டு இருக்கவே கூடாது, பரிசோதனை செய்துவிட வேண்டும். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை அவற்றின் சுவரை அரிக்கும்போது முதலில் நடப்பது இந்தக் கசிவுதான். அப்போது வலி இருக்காது, வீக்கம் இருக்காது, உப்பும் ஏறியிருக்காது. கிட்னியின் வேலையில் பாதி போகும் வரைக்கும்கூட உப்பு நார்மல் என்றே காட்டலாம். ‘உப்பு நார்மல்’ என்ற ஒற்றை வரியை நம்பி வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் டயாலிசிஸ் நாற்காலியில் அதிகம்.

கேட்க வேண்டிய பரிசோதனை, சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம். காலையில் போகும் முதல் சிறுநீரில் கொஞ்சம் கொடுத்தால் போதும். 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை கசிவு ஆரம்பம். 300-க்கு மேல் போனால் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சல் அடிக்கும்போதோ சிறுநீரில் எரிச்சல் உள்ளபோதோ எடுத்தால் கணக்குத் தப்பும். அதிகமாக வந்தாலும் ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய மாட்டோம். மூன்று மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதி செய்வோம். சர்க்கரை வந்தவர்கள் எல்லோரும் வருடம் ஒரு முறை செய்ய வேண்டிய பரிசோதனை இது. உங்களவருக்கு இந்த 11 வருடத்தில் ஒரு தடவையாவது எடுத்தார்களா? கடிதத்தில் அந்த எண்ணே இல்லை.

அடுத்தது அந்த வலி மாத்திரை. கிட்னியைக் காப்பாற்ற என்று மெட்பார்மினை நிறுத்தியவர், கிட்னிக்கு உண்மையிலேயே ஆகாததை விடாமல் சாப்பிடுகிறார். தறியில் நாள் முழுக்க நிற்கும் உடம்புக்கு இடுப்பு வலிக்கத்தான் செய்யும், நான் மறுக்கவில்லை. ஆனால் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிற அந்த மூன்று மாத்திரையில் ஒன்று பெரும்பாலும் டைக்ளோபினாக்காகவோ அசிக்ளோபினாக்காகவோ இருக்கும். வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் குழாயை விரித்து வைத்திருக்கும் ஒரு பொருளை உடம்பு தானே சுரக்கிறது. இந்த மாத்திரைகள் அதைத் தடுத்துவிடும். குழாய் சுருங்கும், கிட்னிக்கு இரத்தம் குறையும். நல்ல உடம்பு இரண்டு நாள் தாங்கிக்கொள்ளும். சர்க்கரை, பிரஷர் மாத்திரை, தண்ணீர் குடிக்காத வேலை மூன்றும் சேர்ந்த உடம்பு தாங்காது.

நாலைந்து வருடத்துக்கு முன்பு, தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போன ஒருவரைத் திரும்பி வந்த மறுநாள் என்னிடம் கூட்டி வந்தார்கள். பிரஷருக்குத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர். முட்டி வலிக்கு நாளுக்கு மூன்று வலி மாத்திரை போட்டுக்கொண்டே நடந்திருக்கிறார். வழியில் இரண்டு நாள் வயிற்றுப்போக்கு வேறு. வந்து சேர்ந்தபோது ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் சிறுநீர்கூடப் போகவில்லை, உப்பு 5-ஐத் தாண்டியிருந்தது. சரியான நேரத்தில் வந்ததால் பிழைத்தார், டயாலிசிஸும் தேவைப்படவில்லை. பிரஷர் மாத்திரை, வலி மாத்திரை, உடம்பில் நீர்ச்சத்து இல்லாமை. இந்த மூன்றும் கூடும் இடத்தில் எத்தனை பேரை இழந்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறாது.

டைக்ளோபினாக்கின் வேகத்துக்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. சத்தியமங்கலம் மலைக்கு மேற்கே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று கொஞ்சம் பாறு கழுகுகள் மிஞ்சியிருக்கின்றன. ஒரு காலத்தில் நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் இருந்த பறவை. மாட்டுக்கு வலி ஊசியாகப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் கிட்னியை அழித்துக் கொன்றது என்று 2004-ல் கண்டுபிடித்தார்கள். 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தை அரசு தடை செய்தது. பறவையின் கிட்னிக்குத் தாங்கும் சக்தி நம்மைவிட மிகவும் குறைவு, அதை மனிதனோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. இருந்தாலும் காங்கேயம் காளைக்கே கூடாது என்று நிறுத்திய மருந்தை, வீட்டு மனிதருக்கு யாரையும் கேட்காமல் வாங்கித் தரலாமா? வலி தாங்காதபோது பாராசிட்டமால் போதும். அதையும் டாக்டர் சொல்லும் அளவில். இடுப்புக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையைவிட அதுதான் நெடுநாள் உதவும்.

இனி உங்கள் உண்மையான பயத்துக்கு வருகிறேன். அண்ணனுக்கு வந்தது தம்பிக்கும் வந்துதான் தீருமா என்பதுதானே அது? குடும்பத்தில் ஒருவருக்குக் கிட்னி போயிருந்தால் மற்றவருக்கு வாய்ப்பு கூடும், மறைக்க மாட்டேன். ஆனால் அண்ணனுக்குக் கசிவு தொடங்கிய காலமும் இன்றைய காலமும் ஒன்றல்ல.

2001-ல் லோசார்டான், இர்பிசார்டான் என்ற பிரஷர் மாத்திரைகள் சர்க்கரையால் வரும் கிட்னி பாதிப்பை மெதுவாக்கும் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு 18 வருடம் எங்கள் கையில் புதிதாக எதுவும் இல்லை. கசிவு கூடுவதைப் பார்த்துக்கொண்டே நோயாளியைக் கிட்னி டாக்டரிடம் அனுப்பி வைத்த வருடங்கள் அவை. 2019-ல் கானாகிளிப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையை 4,401 பேரிடம் சோதித்த முடிவு வந்தது. கிட்னி செயலிழப்பு போன்ற பெரிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. மறு வருடம் டாபாகிளிப்ளோசின். 4,304 பேர், 39 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் அந்த ஆய்வைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள். சர்க்கரை இல்லாத கிட்னி நோயாளிகளுக்கும் அதில் பலன் கிடைத்தது. இந்த வகை மாத்திரை அதிகப்படிச் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். கூடவே வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் இறக்கும். 1835-ல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்த ஒரு பொருளில் தொடங்கிய கதை இது. இயற்கை மருந்துதான் வேண்டும் என்று கேட்கும் உங்களவரிடம் இதையும் சொல்லலாம்.

2024-ல் செமாகுளுடைட் என்ற சர்க்கரை ஊசி, 3,533 பேரிடம் அதே பெரிய பாதிப்புகளை 24 சதவீதம் குறைத்தது. 2025-ல் வந்த முடிவு, பினரினோன் என்ற மாத்திரையையும் டாபாகிளிப்ளோசின் வகையைச் சேர்ந்த எம்பாகிளிப்ளோசினையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கொடுத்தால் கசிவு ஏறக்குறைய பாதியாகிறது என்கிறது. ஊசியின் விலை இன்னும் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. ஆனால் டாபாகிளிப்ளோசினின் காப்புரிமை இங்கே 2020-லும் எம்பாகிளிப்ளோசினுடையது 2025-லும் முடிந்து, நம் ஊர்க் கம்பெனிகளே செய்ய ஆரம்பித்ததால் விலை வெகுவாக இறங்கிவிட்டது. தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு எட்டாத மருந்தில்லை.

இதைப் படித்துவிட்டு நேராக மெடிக்கலுக்குப் போய் டாபாகிளிப்ளோசின் வகை மாத்திரையை வாங்கிவிடாதீர்கள். பிறப்புறுப்பில் அரிப்பும் பூஞ்சையும் வரலாம். வாந்தி, பேதி, விரதம், ஆபரேஷன் சமயங்களில் நிறுத்தி வைக்க வேண்டும்; இல்லையென்றால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் சேரலாம். தொடங்கிய சில வாரத்தில் உப்பு கொஞ்சம் ஏறும். பெரும்பாலும் அது மருந்து வேலை செய்வதற்கான அடையாளம்தான், டாக்டர் பார்த்துக்கொள்வார். ரிப்போர்ட்டைப் பார்த்து மிரண்டு நீங்களாக நிறுத்தக் கூடாது.

மற்றவை சீக்கிரம் முடியும். கால் எரிச்சலுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று சர்க்கரையால் நரம்பு பாதிப்பது. இன்னொன்று மெட்பார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 வைட்டமின் குறைவது. அந்த மாத்திரையைப் பற்றி வீடியோக்காரர் உண்மையாகச் சொல்லியிருக்கக் கூடிய ஒரு குறை இது. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரியும், குறைந்திருந்தால் ஈடுகட்டுவது எளிது. வாயுவும் மெட்பார்மினால் வருவதுண்டு. ஆனால் இரண்டு மாதமாக அவர் அதைப் போடாததால் இப்போதைய வாயுவுக்கு அது காரணமாக இருக்க முடியாது. மறுபடி ஆரம்பித்த பிறகு வந்தால், சாப்பாட்டோடு போட்டால், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் அடங்கும். முடி 54 வயதில் கொட்டும், விடுங்கள்.

மஞ்சள் கேப்சூலை இன்றே நிறுத்துங்கள். ஈரோட்டு மஞ்சளைக் குழம்பில் தாராளமாகப் போடுங்கள், அதில் எந்தப் பயமும் இல்லை. கேப்சூலில் இருப்பது பிழிந்தெடுத்த சத்து. குடலில் அதிகம் ஏற வேண்டும் என்று மிளகுச் சத்தையும் சேர்க்கிறார்கள். மஞ்சள் கேப்சூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் ஒருவர் இறந்துபோனார்.

திங்கட்கிழமை காலை முதல் சிறுநீரோடு அவரை அனுப்புங்கள். சிறுநீர் விகிதம், கிரியாட்டினின், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, பி12 நான்கும் எடுக்கட்டும். பிரஷரையும் அன்றே பார்க்கட்டும். பிரஷருக்கு எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை, அட்டையைக் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். தனியார் லேபுக்கு வசதி இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று முதல் கட்டமாகப் பார்ப்பார்கள். அதற்கு முன்பே காலையில் கண் இமை உப்பினாலோ, சாயங்காலம் கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ திங்கட்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள், அன்றே போய்விடுங்கள். அண்ணன், தம்பி தவிர அந்த வீட்டில் வேறு யாருக்காவது சர்க்கரை இருந்தால் அவர்களும் இதே விகிதத்தை எடுக்க வேண்டும்.

எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.