நான்கு வருடமாகக் கட்டிய மருத்துவக் காப்பீட்டை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் காத்திருப்புக் காலம் வீணாகிவிடுமா?

ஆகாது. ‘போர்ட்டபிலிட்டி’ என்ற பெயரில் இந்த உரிமை இந்தியாவில் 2011 முதல் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்று ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்க நீங்கள் காத்திருந்த காலம் கூடவே வரும். ஆனால் பழைய காப்பீட்டுத் தொகை அளவுக்குத்தான். 5 லட்சத்திலிருந்து 10 லட்சத்துக்குப் போனால், கூடுதல் 5 லட்சத்துக்குப் புதிதாகக் காத்திருக்க வேண்டும்.

பிரீமியத்தை மட்டும் ஒப்பிடாதீர்கள். முதலில் அறை வாடகை வரம்பைப் பாருங்கள். என் சித்தப்பாவின் பாலிசியில் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்தான் வரம்பு. அவர் 10,000 ரூபாய் அறையில் தங்கினார். வாடகை வித்தியாசம் மட்டும்தான் கைக்காசு என்று நினைத்திருந்தோம். ஆனால் வரம்பு அறை வாடகையில் பாதிதான் என்பதால், அதே விகிதத்தில் டாக்டர் கட்டணம், அறுவை சிகிச்சைக் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைக் கழித்துவிட்டார்கள். சித்தி அன்று ராத்திரியே வளையலை அடகு வைக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம், கோ-பே (பில்லில் நீங்களே கட்ட வேண்டிய பங்கு) எத்தனை சதவீதம், உங்கள் ஊர் மருத்துவமனை அவர்களின் பணமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். புது நிறுவனம் மறுக்கவும் செய்யலாம். எனவே, அவர்கள் ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை பழைய பாலிசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விண்ணப்பத்தில் எந்த நோயையும் மறைக்காதீர்கள், பத்து வருடத்துக்கு முந்தைய ஆபரேஷனாக இருந்தாலும் சரி.