டெலோமியர், எலும்பு, மூட்டு: இந்த தடவை வந்த கேள்விகள்

பாதி கேள்வி ஒரே விஷயத்தையே சுத்தி வந்திருக்கு, அதையெல்லாம் ஒண்ணா சேர்த்துட்டேன். டெலோமியர்னா குரோமோசோம் நுனியில தொப்பி மாதிரி இருக்கற டிஎன்ஏ, செல் பிரியப் பிரிய குட்டையாகும். ரிப்போர்ட் போட்டோ அனுப்புறவங்க முழுப் பக்கமா அனுப்புங்க, நம்பர் இருக்கற மூலையை மட்டும் வெட்டி அனுப்பினா நான் ஜோசியமா சொல்ல முடியும்?

கேள்வி: டெலோமியர் டெஸ்ட்ல டி/எஸ் 0.8 வந்திருக்கு. டி-ஸ்கோர் மைனஸ் 1க்கு மேல இருந்தா எலும்பு நார்மல்னாங்க. அப்ப எனக்கு பயம் இல்லையே?

ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது 'டி'ங்கற எழுத்து மட்டும்தான். டி/எஸ்ங்கறது ரத்தத்துல பிசிஆர் பண்ணி டெலோமியர் சிக்னலை ஒரே ஒரு காப்பி மட்டும் இருக்கற ஒரு ஜீனோட (சிங்கிள் காப்பி ஜீன்) ஒப்பிட்டு வர்ற விகிதம், லேபுக்கு லேப் மாறும். டி-ஸ்கோர் எலும்பு அடர்த்தியை அளக்கற டெக்ஸா ஸ்கேன்ல வர்றது, மைனஸ் 2.5ம் அதுக்கு கீழயும் போனா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிஞ்சு சுலபமா உடையற நோய். ஒண்ணை வெச்சு இன்னொண்ணை சொல்ல முடியாது. டெஸ்ட் பேரைப் படிச்சுட்டு கேளுங்க.

கேள்வி: டெலோமியர் நீளம் பரம்பரையா வர்றதா?

பெரும்பாலும் ஆமா, ஆளுக்கு ஆள் இருக்கற நீள வித்தியாசத்துல 70% வரைக்கும் பரம்பரைன்னு குடும்ப ஆய்வுகள்ல சொல்றாங்க.

கேள்வி: டெலோமியர் குட்டையா இருந்தா மூட்டு தேயும்னு ஜீன் வழியா நிரூபிச்சாச்சாமே? (இதையே ஏழெட்டு பேர் கேட்டிருக்கீங்க, எல்லாருக்கும் ஒரே ஃபார்வர்டு போல.)

நிரூபிக்கல. 'ஜீன் வழியா'ன்னு சொல்ற இந்த மாதிரி ஆய்வுகள்ல வர்ற மெண்டலியன் ராண்டமைசேஷன்ங்கற முறை என்ன பண்ணுதுன்னா, பிறக்கும்போதே ஒருத்தருக்கு அமைஞ்ச ஜீன் வேரியண்ட்டை (ஜீன்ல ஆளுக்கு ஆள் இருக்கற சின்ன வித்தியாசம்) எடுத்துக்கிட்டு, டெலோமியர் குட்டையாகுற பக்கம் இருக்கறவங்களுக்கு அந்த நோய் அதிகமா வருதான்னு பார்க்குது. நோய் வந்ததால டெலோமியர் தேஞ்சுச்சா இல்ல தேஞ்சதால நோய் வந்துச்சாங்கற குழப்பத்தை இது ஓரளவு தீர்க்கும், அதனால முறை மேல எனக்கு கோபம் இல்ல. கோபம் அதை கையாளுற விதத்துலதான். பப்ளிக் டேட்டா இறக்கி, ஒரு சாஃப்ட்வேர் பேக்கேஜை ஓட்டி, ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் (மூட்டுத் தேய்மானம்), கவுட் (யூரிக் ஆசிட் மூட்டு வலி), எலும்பு அடர்த்தி, முறிவுன்னு பத்து நோயை வரிசையா தட்டிப் பார்த்தா ஏதாவது ஒண்ணு தற்செயலாவே 0.04 பி-வேல்யூவோட (வழக்கமா 'தற்செயல் இல்ல'ன்னு ஏத்துக்கற 0.05 எல்லைக்குள்ள) வந்து நிக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு, தலைப்புல அது மட்டும் ஏறும், மத்த ஒன்பதும் சப்ளிமெண்ட்டரி டேபிள்ல போய் ஒளிஞ்சுக்கும். 2021ல வந்த பெரிய ஜீவாஸ் (மொத்த ஜீனோமையும் அலசி தொடர்பு தேடுற ஆய்வு), பிரிட்டன் ஆட்களோட ஜீன், உடல்நலத் தகவலை சேமிச்சு வெச்சிருக்கற யூகே பயோபேங்க்ல 4.7 லட்சம் பேர்கிட்ட எடுத்தது, டெலோமியர் நீளத்தோட தொடர்புள்ள 138 இடங்கள் ஜீனோம்ல கிடைச்சுது, ஆனா அதெல்லாம் சேர்ந்தும் நீள வித்தியாசத்துல 5% கிட்டதான் விளக்குது. நோய்க்கான டேட்டாவையும் அதே பயோபேங்க்ல எடுத்தா ஆட்கள் ஓவர்லாப் ஆவாங்க, கணக்கு சாயும், இதை எத்தனை பேப்பர் சொல்லுதுன்னு நீங்களே பாருங்க. இன்னொண்ணு, டெலோமியரை நீட்டற என்சைமை உருவாக்கற டெர்ட், டெர்க் மாதிரி ஜீன்கள் டெலோமியரை மட்டும்தான் தொடுதுன்னு யார் உத்தரவாதம் குடுப்பா? வேற வழியில நோயைத் தொட்டா ப்ளையோட்ராபி, மொத்த கணக்கும் ஆட்டம் காணும். கடைசியா, அளந்தது ரத்த வெள்ளை அணு, தேயுறது குருத்தெலும்பு. குருத்தெலும்புல இருக்கற கான்ட்ரோசைட் ரொம்ப அரிதா பிரியுற செல், அது டெலோமியரை இழக்கறது பிரிஞ்சு பிரிஞ்சு மட்டும் இல்ல, ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னாலயும் (செல்லுக்குள்ள நடக்கற ரசாயன சேதம்) தான். ரத்தத்துல இருக்கறது மூட்டுல அப்படியே இருக்கும்னு எடுத்துக்காதீங்க.

கேள்வி: ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்?

இங்க கொஞ்சம் விஷயம் இருக்கு. குட்டை டெலோமியருக்கான ஜீன் அமைப்பு இருந்தா ரிஸ்க் கூடுதுன்னு சில ஆய்வுகள் வந்திருக்கு. இது நோய் எதிர்ப்பு (இம்யூன்) செல்கள் நம்ம மூட்டையே தாக்குற நோய், ரத்தத்துல அளக்கறதும் அதே இம்யூன் செல்தான், அதனால அளவுக்கு ஒரு அர்த்தம் உண்டு. ஆனா ஹெச்எல்ஏ-டிஆர்பி1ங்கற இம்யூன் ஜீன்ல இந்த நோய்க்கான ரிஸ்க் வகை உள்ளவங்களுக்கு நோய் இல்லாதப்பவே டெலோமியர் குட்டையா இருக்கறதையும் பார்த்திருக்காங்க, ஆக யார் யாரை இழுக்கறாங்கன்னு அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க. சிகரெட் பிடிச்சுக்கிட்டே ஜீன் ரிஸ்க் கேக்கறவரே, முதல்ல அதை விடுங்க, அந்த ரிஸ்க் நல்லாவே தெரிஞ்சது.

கேள்வி: அப்ப டெலோமியருக்கும் எலும்புக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கு. டிஸ்கெராடோசிஸ் கன்ஜெனிட்டாங்கற அரிய நோய்ல டெலோமியர் ரொம்பவே குட்டை, அவங்கள்ல சிலருக்கு சின்ன வயசுலயே ஆஸ்டியோபோரோசிஸ், இடுப்பு எலும்புல ரத்த ஓட்டம் நின்னு அது செத்துப்போற அவாஸ்குலர் நெக்ரோசிஸ் எல்லாம் வருது. அது ஜீன்ல பெரிய அடி விழுந்த கேஸ். சாதாரண ஆளுக்கு சாதாரண ஏத்த இறக்கம், அதை இதோட முடிச்சு போடாதீங்க.

கேள்வி: நீளமாக்க மாத்திரை போடலாமா?

வேண்டாம். நீள டெலோமியருக்கான ஜீன் அமைப்பு உள்ளவங்களுக்கு பல கேன்சர் ரிஸ்க் கூடுதல், டெலோமியரைப் பாதுகாக்கற பிஓடி1 ஜீன் கெட்டுப்போய் ரொம்ப நீளமா இருக்கற குடும்பங்கள்ல கட்டிகள் நிறைய. நீளம்னா இளமைன்னு உங்களுக்கு யார் சொன்னது?

கேள்வி: அம்மாவுக்கு முட்டி தேய்மானம், டெலோமியர் டெஸ்ட் எடுத்துடலாமா?

எடுக்க வேண்டாம், ரிசல்ட் எப்படி வந்தாலும் வைத்தியம் மாறாது. எடை அதிகமா இருந்தா குறைக்கச் சொல்லுங்க, தொடை தசைக்கு பயிற்சி ஆரம்பிங்க, முட்டி திடீர்னு வீங்கி சூடா இருந்தா டாக்டர்கிட்ட தள்ளிப்போடாம காட்டுங்க.