தமிழ் எழுத்துகளில் ஒரு நோய்க்குறிப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

ஆங்கில எழுத்தாளர் வேர்ஜினியா வுல்ஃப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். பணம், புகழ், அன்பான கணவர் எல்லாம் இருந்தும் 1941இல், 59 வயதில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டது எனக்கு விளங்கவில்லை. என் அக்கா நான்கு மாதங்களாகச் சமையலறைப் பக்கமே வருவதில்லை. இரவில் உறக்கமும் இல்லை. "இவளுக்கு என்ன குறை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தாயிற்று. நானும் அதே கேள்வியைத்தான் கேட்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

வேர்ஜினியாவின் வாழ்க்கையில் துயரத்துக்குக் காரணம் தேடினால் தாராளமாகக் கிடைக்கும். 13 வயதில் தாயையும், 22 வயதில் தந்தையையும், 24 வயதில் அண்ணனையும் இழந்தவர் அவர். ஆனால் 1913இல், மணமாகி ஓராண்டு கழிந்து, முதல் நாவலையும் எழுதி முடித்திருந்தபோது, யாரும் இறக்காமலேயே நோய் மிகக் கடுமையாகத் திரும்பிவந்தது. உறக்கம் போனது, தலைவலி வந்தது, உணவை மறுத்தார். குறை இருந்தால்தான் வரும் என்ற கணக்கு இந்த நோயிடம் செல்லாது. அவருக்கு இருந்தது வெறும் மனச்சோர்வு அல்ல, உச்சமும் தாழ்வும் மாறிமாறி வரும் இருமுனை மனநோய் என்றே இன்று பலர் கருதுகிறார்கள். அதற்கு லித்தியம் என்ற மருந்து பயன்படும் என்று 1949இல்தான் தெரியவந்தது. அவருக்குக் கிடைத்த வைத்தியமோ ஓய்வு, நிறையப் பால், எழுதத் தடை.

நான் அதிகம் யோசிப்பது அவருடைய கணவர் லெனாட் வுல்ஃபைப் பற்றித்தான். 1904 முதல் 1911 வரை இலங்கையில் அரச அதிகாரியாக இருந்து, முதலில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றியவர் அவர். மனைவியின் உடல்நிலையை நாட்குறிப்பில் பதிந்துவந்த அவர், பிறர் வாசித்துவிடாதபடி தமிழ், சிங்கள எழுத்துகளைச் சங்கேதமாகப் பயன்படுத்தினார். நம் எழுத்து அந்த வீட்டுக்குள் அப்படியொரு வேலையாய்ப் போயிருக்கிறது என்று அறிந்த நாளில் எனக்கு நெடுநேரம் வேறெதுவும் ஓடவில்லை. அளவுக்கு மீறிக் கண்காணித்தார் என்று அவரைக் குறை சொல்வோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் "உனக்கு என்ன குறை?" என்று கேட்டுக்கொண்டிராமல், இன்று எப்படி இருக்கிறாள் என்று பார்த்து எழுதியவர் அவர்.

"மிஸஸ் டாலவே" நாவலில், போரிலிருந்து திரும்பி மனம் சிதைந்த செப்டிமஸுக்கு ஒன்றுமே இல்லை என்று ஒரு வைத்தியர் அடித்துச் சொல்கிறார். வேர்ஜினியா அந்த வைத்தியரை மன்னிக்கவே இல்லை. உங்கள் வீட்டாருடைய கேள்வியிலும் அந்த வைத்தியருடைய குரல்தான் இருக்கிறது, அன்போடு கேட்டாலும்.

நேர்த்தியை நிறைவேற்றுங்கள், அதற்காக வைத்தியரைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரம் நீடித்தாலே காட்டவேண்டிய நோய் இது; நான்கு மாதம் மிக அதிகம். அக்காவின் உறக்கம், சாப்பாடு, பேச்சு ஆகியவற்றை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதி, அவருக்குத் தெரியப்படுத்தி, வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு எடுத்துச் செல்லுங்கள். சாவைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னாலும் தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிச்செல்லுங்கள். 1926 என்ற இலங்கையின் தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

அக்கா வாசிக்கக் கேட்டால் "மிஸஸ் டாலவே"யை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். தேறியபின் பார்க்கலாம்.